உவர்க் கிணற்று நீரும் சீனிப்பாகும் உறையும் விதம்: உறைநிலை இறக்கம் பற்றி ஒரு கேள்வி

தீவகத்தான் (வேலணை):

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் வீட்டோடு சேர்த்துச் சிறிய அளவில் ஐஸ்பழம் செய்து, பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளுக்கும் கோயில் திருவிழாக் கடைகளுக்கும் கொடுத்து வருகிறோம். எங்கள் பகுதிக் கிணறுகள் பெரும்பாலும் உவர் என்பது தெரிந்ததே. பவுசரில் வரும் நன்னீர் கிடைக்கும் நாள்களில் அதையும், கிடைக்காத நாள்களில் வடிகட்டிக் கொதிக்க வைத்த கிணற்று நீரையும் பயன்படுத்துகிறோம். சில வேளைகளில் ஐஸ்பழம் கல்லாக இறுகுகிறது. சில வேளைகளில், அதே உறைபெட்டியில் அதே நேரம் வைத்திருந்தும், குச்சியைப் பிடித்து இழுத்தால் கழன்று வரும் அளவுக்கு இளகியே இருக்கிறது. உவர் நீர்தான் காரணம் என்று இத்தனை காலமும் வீட்டில் எல்லோரும் நம்பி வந்தோம்.

உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் என் மகள், நீரில் எது கரைந்தாலும் அதன் உறைநிலை இறங்கும் என்றும், ஆகவே சீனியும் காரணமாக இருக்கலாம் என்றும் சொல்கிறாள். அவள் சொல்வது சரியானால் எனக்கு மூன்று ஐயங்கள் உண்டு. முதலாவது, சீனியும் உப்பும் ஒரே அளவில்தான் உறைநிலையை இறக்குமா? இரண்டாவது, அந்தக் காலத்தில் மரவாளிக்குள் ஐஸ்கட்டியையும் கல்லுப்பையும் போட்டுக் கைப்பிடியைச் சுற்றி ஐஸ்கிறீம் செய்தார்கள். உப்பு ஐஸை உருக்குவதானால், உருகுகின்ற ஒன்று எப்படி இன்னொன்றை உறைய வைக்கும்? மூன்றாவது, அடிப்படையான கேள்வி: கரைந்த பொருள் அங்கே உண்மையில் என்னதான் செய்கிறது? சூத்திரம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. காரணத்தை அறிந்தவர்கள் விளக்கினால் எங்கள் இருவருக்கும் பெரும் உதவியாக இருக்கும்.

வடமராட்சி இரசாயனவியல் ஆசிரியர்:

வணக்கம் ஐயா. உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது விளங்கினால் மற்றவை தாமாகவே விளங்கும்.

பூச்சியப் பாகை செல்சியஸில் தூய நீரும் பனிக்கட்டியும் ஒன்றாக இருக்கும்போது அங்கே எதுவும் நடவாதது போலத் தோன்றும். ஆனால் பனிக்கட்டியின் மேற்பரப்பில் இரண்டு வேலைகள் இடைவிடாமல் நடக்கின்றன. பனிக்கட்டியிலிருந்து மூலக்கூறுகள் பிரிந்து நீருக்குள் போகின்றன. நீரிலிருந்து மூலக்கூறுகள் வந்து பனிக்கட்டியோடு ஒட்டிக்கொள்கின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் நடக்கும் வெப்பநிலையைத்தான் உறைநிலை என்கிறோம். இப்போது நீரில் உப்பைக் கரைத்தால் பனிக்கட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும் திரவத்தில் நீர் மூலக்கூறுகளின் பங்கு குறைகிறது. பனிக்கட்டியின் பளிங்குச் சாலகத்தில், அதாவது மூலக்கூறுகளின் ஒழுங்கான அடுக்கில், உப்பு கரைந்ததும் உண்டாகும் சோடியம் அயனுக்கோ குளோரைட்டு அயனுக்கோ (அயன் என்பது மின்னேற்றமுள்ள துணிக்கை) இடமில்லை. சீனி மூலக்கூறுக்கும் இல்லை. ஆகவே வந்து ஒட்டும் வேகம் குறைகிறது. பிரிந்து போகும் வேகமோ பனிக்கட்டியை மட்டும் பொறுத்தது. பனிக்கட்டி இன்னமும் தூய நீராலானதாகவே இருப்பதால் அந்த வேகம் மாறுவதில்லை. போவது மிகுந்து வருவது குறைந்தால் பனிக்கட்டி உருகத்தான் வேண்டும். வெப்பநிலையை இறக்கினால் பிரிந்து போகும் வேகம் தளர்ந்து, ஓரிடத்தில் இரண்டும் மீண்டும் சமமாகும். அந்த இடமே கரைசலின் உறைநிலை.

உப்புத் துணிக்கைகள் நீர் மூலக்கூறுகளுக்கு நடுவே புகுந்து மறித்து நின்று உறைவதைத் தடுக்கின்றன என்று பலரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த விளக்கத்தை நான் வகுப்பில் அனுமதிப்பதில்லை. மறிப்பதுதான் காரணமென்றால் பெரிய மூலக்கூறு அதிகமாக மறிக்க வேண்டும். உண்மையில் ஐதான கரைசல்களில் துணிக்கையின் பருமனோ நிறமோ சுவையோ கணக்கில் வருவதில்லை. எத்தனை துணிக்கைகள் என்பது மட்டுமே வருகிறது. உங்கள் மகளுக்காக ஒரு வரி சேர்க்கிறேன்: கரைசலாக இருக்கும்போது திரவத்தின் எந்திரப்பி (ஒழுங்கின்மையின் அளவு) உயர்ந்து விடுகிறது, பனிக்கட்டியினுடையது உயர்வதில்லை, எனவே திரவநிலை முன்னிலும் சாதகமாகிறது. ஆவியமுக்கத்தைக் கொண்டு வரையும் வரைபும் இதையேதான் சொல்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோகிராம் நீரில் ஒரு மூல் (துணிக்கைகளை எண்ணும் அலகு) துணிக்கைகள் கரைந்தால் உறைநிலை 1.86 பாகை இறங்கும். சீனி ஒரு மூல் 342 கிராம். அது கரைந்தாலும் மூலக்கூறு முழுதாகவே இருக்கும். உப்பு ஒரு மூல் 58.5 கிராம் மட்டுமே. அது கரைந்ததும் சோடியம் அயன், குளோரைட்டு அயன் என்று இரண்டாகப் பிரிகிறது. ஆகவே ஒரு கிலோகிராம் நீரில் 100 கிராம் சீனி ஏறத்தாழ அரைப் பாகைதான் இறக்கும். 100 கிராம் உப்போ ஏறத்தாழ 6 பாகை இறக்கும். எடைக்கு எடை பார்த்தால் உப்பு பத்து மடங்குக்கும் மேல் வலியது.

இதைக் கேட்டதும் உவர் நீர்தான் குற்றவாளி என்று முடிவு செய்துவிடாதீர்கள். குடிக்கும்போது நாக்கில் நன்றாகக் கரிக்கும் கிணற்று நீர் ஒன்றில் லீற்றருக்கு 3 கிராம் உப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 0.05 மூல், இரண்டால் பெருக்கி 1.86 ஆலும் பெருக்கினால் கிடைப்பது ஒரு பாகையில் ஐந்திலொரு பங்கு. பூச்சியத்துக்குக் கீழே 10 அல்லது 15 பாகையில் ஓடும் உறைபெட்டிக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

சீனியைப் பாருங்கள். உங்கள் கலவையில் 800 கிராம் நீருக்கு 200 கிராம் சீனி இருந்தால் முதல் பனிப்பளிங்கு தோன்றுவதே பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில்தான். விடயம் அத்தோடு முடியவில்லை. தோன்றிய பளிங்கு தூய பனிக்கட்டி. அது நீரை மட்டும் எடுத்துக்கொண்டு சீனி முழுவதையும் வெளியே விட்டுவிடுகிறது. மீந்த பாகு முன்னிலும் தடிக்கிறது, அதன் உறைநிலை இன்னும் இறங்குகிறது. பாகில் சரிபாதி சீனியாகும்போது உறைநிலை பூச்சியத்துக்குக் கீழே ஏழு, எட்டுப் பாகை வரை போய்விடும். ஆகவே 10 பாகை கீழே குளிர்வித்த ஐஸ்பழத்திலும் தொடக்கத்தில் இருந்த நீரில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உறையாமல், பனிப்பளிங்குகளுக்கு இடையே தடித்த பாகாகத் தங்கியிருக்கும். இளகியிருப்பதற்கு அந்தப் பாகுதான் காரணம். பதமாக இறுகிய ஐஸ்பழத்தை உறிஞ்சும் குழந்தை முதலில் இனிப்பையெல்லாம் இழுத்துக்கொண்டு வெறும் வெள்ளை ஐஸை மிச்சம் வைப்பதும் இதனாலேயே.

உங்கள் வீட்டில் நாளுக்கு நாள் வேறுபாடு தெரிவதற்குச் சீனியை அளவின்றிக் கையால் போடுவதோ, உறைபெட்டி நிரம்பிய நாளில் போதிய குளிரை எட்டாமல் இருப்பதோ காரணமாக இருக்கலாம். சீனியைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். பெட்டிக்குள் ஒரு வெப்பமானியையும் வையுங்கள். சீனிக்குப் பதில் குளுக்கோசு சேர்ப்பதானால் கூடுதல் கவனம் தேவை: அதன் ஒரு மூல் 180 கிராம்தான் என்பதால், அதே எடைக்கு ஏறத்தாழ இரு மடங்கு இறக்கம் ஏற்படும்.

குருநகர்க் கரையோரம்:

ஆசிரியர் ஐயாவின் விளக்கம் தெளிவாக இருந்தது. ஐஸ் தொழிற்சாலையில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன்.

பெரிய ஐஸ்கட்டி செய்யும் தொழிற்சாலைகளில் நன்னீரை நேரடியாக உறைய வைப்பதில்லை. பெரிய தொட்டி நிறைய உப்புக் கரைசல் இருக்கும். அமோனியா ஓடும் குழாய்கள் அந்தக் கரைசலைப் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை அளவில் வைத்திருக்கும். நன்னீர் நிரப்பிய நீண்ட தகரக் கான்களை அதற்குள் இறக்கி விடுவார்கள். தொட்டியில் இருப்பது உப்புக் கரைசல் என்பதால் அந்தக் குளிரிலும் அது திரவமாகவே சுற்றி ஓடுகிறது. கானுக்குள் இருப்பது நன்னீர் என்பதால் சுவரிலிருந்து உள்நோக்கி உறைந்து வருகிறது. தொட்டிக் கரைசலின் செறிவைக் கவனியாமல் விட்டால் குளிர்க் குழாயின் மேலேயே ஐஸ் படியத் தொடங்கும். ஆகவே அடர்த்திமானி எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

கானில் ஐஸ் வளர்வதைப் பார்ப்பவருக்கு ஆசிரியர் சொன்ன தூய பனிக்கட்டி கண்ணாலேயே விளங்கும். ஓரம் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். நடுவில் கடைசியாக மிஞ்சும் நீரில்தான், ஐஸ் ஏற்காமல் தள்ளிவிட்ட உப்பும் சுண்ணாம்பும் காற்றும் வந்து சேரும். தெளிந்த கட்டி வேண்டுமானால், உறையும்போது காற்றை ஊதிக் கலக்கிக்கொண்டிருந்து, நடுத்தண்டு உறைவதற்கு முன்பாக அந்த நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு நல்ல நீர் ஊற்றுவார்கள். தீவகத்து அண்ணா, உங்கள் கிணற்று நீரில் செய்த கட்டியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: விளிம்பு தெளிவாகவும், நடு வெண்மையாகவும், அந்த வெண்மைக்குள் ஊசி ஊசியாகக் காற்றுக் குமிழ்களும் தெரியும். அதை ஒரு கண்ணாடிக் குவளையில் உருக விட்டால் அடியில் மெல்லிய வெள்ளைத் தூள் படியும். அது நம் சுண்ணக்கல் நிலத்தின் கல்சியம் காபனேற்று. உவர் நீரால் உங்களுக்கு உண்டாகும் குறை தோற்றத்திலும் சுவையிலும்தான்; இறுக்கத்தில் அல்ல.

மரவாளி ஐஸ்கிறீமுக்கு வருகிறேன். ஐஸ் உருகுவதற்கு வெப்பம் வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருக 334 யூல் தேவை. சாதாரணமாக அந்த வெப்பம் வெளிக்காற்றிலிருந்து வரும். கல்லுப்பைப் போட்டவுடன் ஐஸ் வேகமாக உருகத் தொடங்குகிறது. வெளியிலிருந்து வெப்பம் வந்து சேரும் வரை அது காத்திருப்பதில்லை. தன்னிடமும், தன்னைச் சுற்றியுள்ள கரைசலிடமும், உள்ளே சுழலும் பால் பாத்திரத்திடமும் இருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. கடனை அடைக்கப் பக்கத்தில் இருப்பவரின் மடியில் கை வைப்பது போன்றது அது. பால் தன் வெப்பத்தை இழந்து உறைகிறது. சோடியம் குளோரைட்டைக் கொண்டு இறங்கக்கூடிய எல்லை பூச்சியத்துக்குக் கீழே 21 பாகை. எடையில் 100க்கு 23 பங்கு உப்புள்ள கரைசல் அந்த இடத்தில்தான் உறையும். அதற்குக் கீழே அந்த உப்பால் ஐஸை உருக்க முடியாது. மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு ஆனையிறவுக் கல்லுப்பு என்று போட்டால் அந்த எல்லைக்கு மிகவும் அருகே போகலாம். ஐஸை நொறுக்கிப் போட வேண்டும், வாளியைச் சாக்கால் சுற்ற வேண்டும்.

இதோடு சேர்ந்த ஒன்றை மீன் வாங்குபவர்களுக்காகவும் சொல்ல விரும்புகிறேன். றெஜிபோம் பெட்டியில் மீனுக்கு ஐஸ் போடும்போது குளிர் கூடட்டும் என்று சிலர் உப்பையும் அள்ளித் தூவுகிறார்கள். மீன் தசைக்குள் இருக்கும் நீரும் ஒரு கரைசலே. அது பூச்சியத்துக்குக் கீழே ஒன்றிலிருந்து இரண்டு பாகைக்குள் உறையத் தொடங்குகிறது. வெறும் நன்னீர் ஐஸ் பூச்சியத்திலேயே நிற்பதால் மீன் குளிருமே தவிர உறையாது. உப்பு கூடினால் மீன் அரைகுறையாக, மெதுவாக உறையும். தசைக்குள் பெரிய பளிங்குகள் வளர்ந்து கலங்களைக் கிழிக்கும். கறியில் போட்டால் சதை தளர்ந்து நீர் விடும். தூய்மையான கடல்நீரோடு நொறுங்கிய ஐஸைக் கலந்த குழம்பு வேறு விடயம். அது மீனைச் சுற்றி முழுதாகத் தொட்டுக்கொண்டு விரைவாகக் குளிர்விக்கும், அளவோடு செய்தால் நல்லது.

ஸ்காபரோவிலிருந்து (கனடா) ஒரு உறவு:

வணக்கம். உப்பு வெப்பத்தை உண்டாக்கித்தான் ஐஸை உருக்குகிறது என்று இங்கே குளிர்காலத்தில் நம்மவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மேலே எழுதியவர்கள் சொன்னதைக் கொண்டு பார்த்தால் சோடியம் குளோரைட்டின் விடயத்தில் நடப்பது அதற்கு எதிர்மாறு: கலவை குளிரவே செய்கிறது. கல்சியம் குளோரைட்டோ கரையும்போது உண்மையாகவே வெப்பத்தை வெளிவிடும். அதைக் கொண்டு இறங்கக்கூடிய எல்லையும் பூச்சியத்துக்குக் கீழே 50 பாகை அளவில் இருக்கிறது. அது கரைந்தால் ஒரு கல்சியம் அயனும் இரண்டு குளோரைட்டு அயன்களுமாக மூன்று துணிக்கைகள் கிடைக்கின்றன. அண்டார்க்டிக்காவில் டொன் யுவான் குட்டை என்று ஒரு சிறு நீர்நிலை உண்டு. 1961இல் கண்டறியப்பட்டது. அதன் நீர் பெரும்பாலும் செறிந்த கல்சியம் குளோரைட்டுக் கரைசல் என்பதால், சுற்றியுள்ளவை எல்லாம் உறைந்த பின்னும் அது திரவமாக நிற்கிறது.

இங்கே வீதிக்குப் போடும் சாதாரண உப்பு, ஏட்டின்படி 21 பாகை கீழே வரை வேலை செய்ய வேண்டும். ஆனால் பத்துப் பாகைக்குக் கீழே போனாலே உருகும் வேகம் மிகவும் மந்தமாகிவிடுகிறது. அப்போது கல்சியம் அல்லது மக்னீசியம் குளோரைட்டைச் சேர்ப்பார்கள், அல்லது வழுக்காமல் இருக்க மணலைத் தூவுவார்கள். அந்தக் குளோரைட்டு முழுவதும் வசந்தத்தில் ஓடைகளுக்கும் ஏரிகளுக்கும் போய்ச் சேர்வது பெரிய கவலையாக இருக்கிறது.

பாற்பண்ணைப் பணியாளர் (கோப்பாய்):

துணிக்கைகளின் எண்ணிக்கை என்ற இந்த ஒரே கருத்து எங்கள் தொழிலில் எப்படிப் பயன்படுகிறது என்பதைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன். பசுப்பாலின் உறைநிலை பூச்சியத்துக்குக் கீழே 0.52இலிருந்து 0.55 பாகைக்குள் ஏறத்தாழ மாறாமல் நிற்கும். பால், பசுவின் இரத்தத்தோடு கரைசல் அளவில் சமநிலையில் சுரப்பதே அதற்குக் காரணம். நீர் கலந்தால் துணிக்கைகள் ஐதாகி, உறைநிலை பூச்சியத்தை நோக்கி ஏறும். பத்திலொரு பங்கு நீர் சேர்ந்தால் இறக்கமும் ஏறத்தாழ பத்திலொரு பங்கு குறையும். பால்மானி அடர்த்தியை மட்டும் பார்ப்பதால் நீரோடு சீனியையும் கலந்தவர் அதை ஏமாற்றிவிடலாம். ஆனால் அடர்த்தியைச் சரிக்கட்டத் தேவையான சீனியும், உறைநிலையைச் சரிக்கட்டத் தேவையான சீனியும் ஒரே அளவாக அமைவதில்லை; ஆகவே இரண்டையும் சேர்த்து அளந்தால் கலப்படம் பிடிபட வாய்ப்பு உண்டு.

தீவகத்தான் (வேலணை):

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. சீனியை நிறுத்துப் போடத் தொடங்கிவிட்டோம். பெட்டிக்கு வெப்பமானியும் வாங்குகிறோம். மகள் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொன்னாள். உப்பு இரண்டாகப் பிரிகிறது என்பதை முதன்முதலில் எப்படி அறிந்தார்கள்? பாடசாலைக் கண்காட்சிக்கு இதை வீட்டுப் பொருள்களைக் கொண்டு அளந்து காட்ட முடியுமா?

வடமராட்சி இரசாயனவியல் ஆசிரியர்:

பிள்ளையின் முதல் கேள்வி இந்தப் பாடத்தின் உயிர்நாடி. 1788இல் சாள்ஸ் பிளாக்டன் என்ற ஆங்கிலேயர், கரைந்த பொருளின் அளவுக்கு விகிதமாக உறைநிலை இறங்குகிறது என்று பரிசோதனையால் காட்டினார். ஏறத்தாழ நூறாண்டுகளின் பின்னர் பிரான்சின் பிரான்சுவா மரி ராவுல், சேதனச் சேர்வைகள் பலவற்றைக் கரைத்து அளந்து, அளவை மூலில் எடுத்தால் பொருள் எதுவாயினும் இறக்கம் ஒன்றே என்று கண்டார். ஆனால் உப்புகள் மட்டும் அந்த ஒழுங்குக்குள் அடங்கவில்லை. சோடியம் குளோரைட்டு ஏறத்தாழ இரு மடங்கு இறக்கத்தைக் கொடுத்தது. நெதர்லாந்தின் வான்ற் ஹோஃப் அந்த மிகையைத் தம் சமன்பாட்டில் ஒரு பெருக்கமாகச் சேர்த்துக்கொண்டார். 1887இல் சுவீடனின் சுவாந்தே ஆரீனியசு, அந்த மிகைக்குக் காரணம் உப்பு நீரில் அயன்களாகப் பிரிந்து நிற்பதே என்று வாதிட்டார். மின்னைக் கடத்தும் கரைசல்களே மிகையான இறக்கத்தையும் காட்டின என்பது அவருடைய வலுவான சான்று. நீரில் அயன்கள் தனித்தனியே உலவுகின்றன என்பதை வேதியியலாளர் பலர் அப்போது ஏற்க மறுத்தார்கள். 1901இல் இரசாயனவியலுக்கான முதல் நோபல் பரிசு வான்ற் ஹோஃபுக்கும், 1903இல் ஆரீனியசுக்கும் கிடைத்தது. அளந்து பார்த்தால் ஒரு மூல் உப்பு சரியாக 3.72 பாகை இறக்காது, 3.4 பாகை அளவில்தான் இறக்கும். எதிர் மின்னேற்றமுள்ள அயன்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அவை முழுச் சுதந்திரமாக இயங்குவதில்லை. கண்காட்சியில் நடுவர் யாரேனும் இதைக் கேட்கக்கூடும்.

செய்முறைக்கு வருவோம். நொறுக்கிய ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு கலந்து றெஜிபோம் பெட்டியில் இடுங்கள். மூன்று பரிசோதனைக் குழாய்களில் முறையே காய்ச்சி வடித்த நீர், 100 கிராம் நீருக்கு 5.85 கிராம் உப்புச் சேர்ந்த கரைசல், 100 கிராம் நீருக்கு 34.2 கிராம் சீனி சேர்ந்த கரைசல் ஆகியவற்றைச் சிறிதளவு ஊற்றுங்கள். உப்புக் கரைசலுக்கும் சீனிக் கரைசலுக்கும் மூல் அளவு ஒன்றே என்பதைப் பார்வையாளருக்கு எழுதி வையுங்கள். ஒவ்வொரு குழாயிலும் வெப்பமானியை வைத்து, மெல்லிய கம்பியால் மெதுவாகக் கலக்கியவாறு, பதினைந்து விநாடிக்கு ஒரு தடவை வெப்பநிலையைக் குறியுங்கள்.

வரைபை வரையும்போது ஓரிடத்தில் கவனம் வேண்டும். வெப்பநிலை உறைநிலையைத் தாண்டிக் கீழே இறங்கி, முதற் பளிங்கு தோன்றியவுடன் சட்டென்று மேலே ஏறி நிற்கக்கூடும். கீழே போன அந்தப் பள்ளம் மீக்குளிர்ச்சி. அதை உறைநிலை என்று எடுக்கக்கூடாது. ஏறி நிற்கும் இடமே தூய நீருக்கான விடை. கரைசல்களில் அந்த இடமும் தட்டையாக நிற்காது. நீர் உறைய உறைய மீதி தடிப்பதால் கோடு மெல்லச் சரிந்துகொண்டே போகும். ஆகவே சரியும் கோட்டைப் பின்னோக்கி நீட்டி, தொடக்கத்தில் குளிர்ந்து வந்த கோட்டை அது வெட்டும் புள்ளியை வாசிக்க வேண்டும். உப்புக் கரைசலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 3.4 ஆகவும், சீனிக் கரைசலுக்கு 2ஐ ஒட்டியும் வரும். வெப்பமானியின் சொந்தப் பிழையைத் தூய நீர்க் குழாயின் வாசிப்பைக் கொண்டு முதலில் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.